பழைய ஆசிலாஸ்கோப்பின் நினைவக பேட்டரியை மாற்றுதல்: எண்களை இழக்காமல் செய்யும் முறை

ஆனி பிறந்து சாரல் இறங்கியதும், செங்கோட்டையில் என் மேசைக்கு வரும் பழைய ஆசிலாஸ்கோப்புகளின், அதாவது மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவிகளின், எண்ணிக்கை கூடிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று இரண்டு மூன்று மாதங்களுக்கு ஈரத்தைச் சுமந்துகொண்டே வீசும். அந்த ஈரம் போர்டின் மேல் படிந்திருக்கும் முப்பது ஆண்டு அழுக்கில் ஊறும்போது, ஏற்கெனவே கடைசி மூச்சில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு பேட்டரி அடங்கிவிடும். போன சாரலில், ஏலத்தில் வாங்கிய பத்துக் கிலோ கருவியை ரயிலில் புனலூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தார் ஒரு மாணவர். "நேற்று அணைக்கும்போது நன்றாகத்தான் இருந்தது அண்ணாச்சி. இன்று போட்டதும் ஏதோ ஃபெயில் என்று நிற்கிறது" என்றார். அந்தத் தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எண்களை எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்பதுதான். அவர் எழுதி வைத்திருக்கவில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கும். பேட்டரியைச் சில நூறு ரூபாய்க்குக் கடையில் வாங்கிவிடலாம். அது காத்துக்கொண்டிருக்கும் எண்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 1980-களின் நடுவிலிருந்து வந்த நுண்செயலி வைத்த ஆசிலாஸ்கோப்புகள் பலவற்றில், கருவி காட்டும் அளவைச் சரியாக வைக்கும் அளவுத்திருத்தம், திருகு வைத்த பொட்டென்ஷியோமீட்டர்களில் இல்லை. அலை நுழையும் ஒவ்வொரு சேனலும் எவ்வளவு பெருக்குகிறது, அலையைத் திரையில் இடமிருந்து வலமாக இழுக்கும் ஸ்வீப் எவ்வளவு விலகுகிறது, அலையை நிலையாக நிறுத்தும் டிரிகர் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதெல்லாம் அளந்து பெற்ற எண்களாக ஸ்டாட்டிக் ராம் என்னும் ஒரு சிறிய நினைவக ஐசியில் கிடக்கின்றன. மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்த ராமை உயிரோடு வைத்திருப்பது இந்த பேட்டரி. எண்கள் அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியவை. அதே மாடலின் இன்னொரு கருவியிலிருந்து எடுத்துப் போட்டால் திரையில் அலை வரும், அளவு சரியாக இருக்காது.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கி, கண்ட்ரோல் போர்டின் சுற்றுப்படத்தில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பொதுவாக நான்கு வகைகளைப் பார்க்கிறேன்.

கால் வைத்துப் பற்றவைத்த லித்தியம் செல் முதல் வகை. 3.6 வோல்ட் தயோனைல் குளோரைடு செல், அல்லது 3 வோல்ட் மாங்கனீசு செல். இவை இரண்டையும் மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது. இரண்டாவது, பிளாஸ்டிக் உறை சுற்றிய 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் கட்டு. கருவி ஓடும்போது இது சார்ஜ் ஆகும், வயதானால் கசியும். மூன்றாவது, பின்பக்கக் கதவைத் திறந்து போடும் சாதாரண பென்டார்ச் செல்கள். பிலிப்ஸின் சில மாடல்களில் இப்படி இருக்கும், அவற்றில் வேலை மிக எளிது. நான்காவது, பேட்டரியையும் ராமையும் ஒரே கருப்புக் கட்டியில் வார்த்து வைத்திருக்கும், டல்லாஸ் நிறுவனத்தின் ஐசி.

டெக்ட்ரானிக்ஸ் 2465பி-யை எடுத்துக்கொண்டால், 400 மெகாஹெர்ட்ஸ், நான்கு சேனல் கொண்ட இந்தக் கருவியின் முந்தைய வரிசை எண்களில் தனி லித்தியம் செல் இருக்கும், பிந்தையவற்றில் டல்லாஸ் டிஎஸ்1225 இருக்கும். ஒரே மாடல் பெயருக்குள்ளேயே இரண்டு வகை. அதனால் யாரோ எடுத்த காணொளியைப் பார்த்து செல்லை வாங்கிவிடாமல், உங்கள் கருவியின் மூடியைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள்.

இங்கே முதல் வகையை விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றைப் பின்னால் தொடுகிறேன்.

மீட்டர் 3.6 காட்டினால் நம்பலாமா

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 3.6 இருக்கிறது, இன்னும் பத்து ஆண்டு ஓடும் என்று சொல்பவர்கள் உண்டு. தயோனைல் குளோரைடு செல்லின் குணம் தெரியாததால் வரும் நம்பிக்கை அது. டார்ச் செல் தேயத் தேய வோல்டேஜ் படிப்படியாக இறங்கும். இந்த செல் அப்படி இறங்காது. வாழ்நாளின் பெரும்பகுதியில் 3.6-ஐ ஒட்டியே நிற்கும், உள்ளே இருப்பது தீர்ந்ததும் கிணற்றுக்குள் கல் விழுவதுபோல விழும். 3.6 காட்டும் செல்லில் இன்னும் எட்டு ஆண்டும் இருக்கலாம், எட்டு வாரமும் இருக்கலாம். மீட்டருக்கு அது தெரியாது. அதே மீட்டர் 3.3 காட்டினால், தாமதிக்க நேரமில்லை என்று பொருள்.

ஆகவே செல்லின் மேல் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். நல்ல லித்தியம் செல் அறை வெப்பத்தில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் தானாகவே இழக்கும். ஆசிலாஸ்கோப்பின் வயிற்றுக்குள் வெப்பம் அதிகம் என்பதால் இழப்பும் அதிகம். 1980-களின் செல் இன்றும் உயிரோடு இருந்தால் அது அதிர்ஷ்டம், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இருபது ஆண்டு தாண்டிய எதையும், மீட்டர் என்ன சொன்னாலும், நான் மாற்றிவிடுகிறேன்.

எண்களைப் படியெடுங்கள்

சால்டரிங் இரும்பைச் சூடாக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கருவியை இயக்கி இருபது நிமிடம் சூடேற விடுங்கள். தொடக்கச் சோதனையில் பிழை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

2465பி-யில் டெல்டா-வி, டெல்டா-டி இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி ஸ்லோப் பொத்தானை அழுத்தினால் பரிசோதனைப் பட்டியல் திறக்கும். டிரிகர் மோடு சுவிட்சை மேலும் கீழும் தட்டிப் பட்டியலில் நகரலாம். அதில் எக்ஸர் 02 என்பது நினைவகத்தில் இருக்கும் அளவுத்திருத்த எண்களை முகவரி வாரியாகத் திரையில் காட்டும். எக்ஸர் 05 கருவி மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை முறை இயக்கப்பட்டது என்று சொல்லும். வாங்குபவருக்கு அதுவும் உதவும். வேறு மாடல் என்றால் மேனுவலில் பரிசோதனை அத்தியாயத்தைப் பாருங்கள். சிலவற்றில் பின்பக்க ஜிபிஐபி இணைப்பு வழியாகக் கணினிக்கே இறக்கிக்கொள்ளலாம்.

கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி ஒவ்வொரு முகவரியையும் படமெடுங்கள். பிறகு உட்கார்ந்து ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். படம் இருக்கும்போது எழுத வேண்டுமா என்று கேட்காதீர்கள். திரையின் எழுத்தில் 8-ம் பி-யும், 0-வும் டி-யும் குழம்பும். எழுதும்போதுதான் அந்த ஐயம் எழும். கருவி முன்னால் இருக்கும்போதே அதைத் தீர்த்துக்கொள்ளலாம். நோட்டின் மேல் கருவியின் வரிசை எண்ணை எழுதுங்கள்.

இந்த நோட்டு இல்லாமல் ஒருமுறை வேலை செய்தேன். தொழிலின் தொடக்கத்தில், செல்லைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த தெருவில் வாங்கிய செல்லோடு கால் மணி நேரம் கழித்து வந்தேன். அதற்குள் ராம் வெறுமையாகிவிட்டது. கருவி ஓர் ஆசிரியருடையது. அதை அளவுத்திருத்தம் செய்து கொடுக்க எனக்கு இரண்டு மாதமும் கணிசமான பணமும் ஆயிற்று. அவர் ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. அன்றிலிருந்து நோட்டு இல்லாமல் நான் மூடியைத் திறப்பதில்லை.

வாங்க வேண்டியவை

செல்: 3.6 வோல்ட், அரை ஏஏ அளவு, 14250 என்று எண் போட்டிருக்கும். விட்டம் 14 மில்லிமீட்டர், உயரம் 25 மில்லிமீட்டர். கொள்ளளவு சுமார் 1200 மில்லி ஆம்பியர் மணி. இரு முனையிலும் தகடு வெல்டிங் செய்து, கம்பிக் கால் வைத்தது என்று கேட்டு வாங்குங்கள். கால் இல்லாத செல்லை வாங்கி அதன் உடம்பிலேயே ஈயம் வைக்க நினைக்காதீர்கள். லித்தியம் 180 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும், உங்கள் இரும்பு 350-ல் இருக்கும். உள்ளே இருக்கும் திரவம் நச்சும் அரிப்பும் கொண்டது. செல் வெடித்தால் கண் போகும்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் இது எளிதில் கிடைப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வைத்தால் வரும். லித்தியம் என்பதால் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள், தரைவழியாக வர நாளாகும். செல் கையில் வந்து, புதிய தேதி என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

செல்லுக்கு ஹோல்டர் வைக்கலாமா என்று கேட்பார்கள். அடுத்த முறை இரும்பு இல்லாமலே மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் நம் ஈரக் காற்றில் ஸ்பிரிங் முனை கறுக்கும், பயணத்தில் குலுங்கினால் ஒரு நொடி தொடர்பு விடும். அந்த ஒரு நொடி போதும். உலர்ந்த ஊர்க்காரர்கள் ஹோல்டர் வைக்கட்டும், நான் பற்றவைக்கிறேன்.

இவை தவிர இரண்டு புதிய ஏஏ அல்கலைன் செல், அவற்றுக்கு ஒரு பெட்டி, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் 1என்5819 டயோடு ஒன்று, கொக்கி முனை வைத்த இரண்டு மெல்லிய ஒயர், ஈயம் உறிஞ்சும் விக், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கும் பிரஷ்.

மூடியைத் திறக்கும்போது

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் திருத்தப்பட்டதும் சுமார் 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக மின்வழங்கிப் பகுதியின் பெரிய கெபாசிட்டர்களில் நிற்கும். அரை மணி நேரம் காத்திருந்து, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகு தொடருங்கள். படக்குழாயின் பக்கவாட்டில் போகும் தடித்த சிவப்பு ஒயரில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். இந்த வேலைக்கு அதை நெருங்கவே தேவையில்லை.

திறந்ததுதான் திறந்தீர்கள், மின்வழங்கியின் நுழைவாயிலில் தேன் நிறப் பிசின் உறைக்குள் காகிதம் சுற்றிய கெபாசிட்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உறையில் நுண்விரிசல் ஓடியிருந்தால் அதன் வழியே ஈரம் காகிதத்துக்குள் போயிருக்கும். ஒரு நாள் அது புகை கக்கும். இன்றைய எக்ஸ்2 வகைப் பிலிம் கெபாசிட்டர் அதே மதிப்பில் கிடைக்கிறது. பேட்டரி வேலை முடிந்த பின் அதையும் மாற்றிவிடுங்கள்.

பங்குனி வெயிலில் இதைச் செய்தால் மணிக்கட்டில் தரையிணைப்புப் பட்டை கட்டாயம். சாரல் காலத்தில் நிலைமின்சாரத் தொல்லை குறைவு, ஆனாலும் பட்டையைக் கட்டுங்கள், பாலியெஸ்டர் சட்டையைத் தவிருங்கள்.

துணைச் செல் கட்டுதல்

வேலையின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. பழைய செல்லை எடுத்துப் புதியதை வைப்பதற்கு இடையில் ராமுக்கு யாராவது உணவு கொடுக்க வேண்டும். சாதாரண சிமாஸ் ராம், 2 வோல்ட் வரை கிடைத்தால் உள்ளதை மறக்காது. இரண்டு ஏஏ செல் தொடராக 3.1 வோல்ட் தரும். அந்தப் பெட்டியின் நேர் முனையில் டயோடைப் பற்றவையுங்கள். டயோடின் கோடு போட்ட முனை போர்டை நோக்கி இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் அந்த டயோடு மிகக் குறைவாகவே விழுங்கும், ஆகவே போர்டுக்குச் சுமார் 2.9 வோல்ட்டாவது போய்ச் சேரும். போதுமான இடைவெளி.

சுவரில் செருகும் பவர் சப்ளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வேலையின் நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. கருவியை ஓடவிட்டுக்கொண்டே செல்லை மாற்றலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 325 வோல்ட் ஓடும் பெட்டிக்குள் சால்டரிங் இரும்பை நீட்டும் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

எங்கே மாட்டுவது? பழைய செல்லின் நேர் முனையிலிருந்து போகும் காப்பர் டிராக்கைப் பின்தொடருங்கள். அடுத்து ஒரு ரெசிஸ்டரும் டயோடும் வரும். அந்த ரெசிஸ்டரின் செல் பக்கத்துக் காலில் கொக்கியை மாட்டுங்கள். செல்லின் காலிலேயே மாட்டினால் அதை வெட்டும்போது கொக்கியும் கூடவே வந்துவிடும். எதிர் ஒயரை போர்டின் கிரவுண்டில் மாட்டுங்கள்.

மாட்டிவிட்டோம் என்பதால் தொடர்பு இருக்கிறது என்று கொள்ள வேண்டாம். மீட்டரின் கருப்பு முனையை, கொக்கி மாட்டாத வேறொரு கிரவுண்டில் வையுங்கள். சிவப்பை ஏஏ பெட்டியின் நேர் முனையில் வையுங்கள். 3.1 வந்தால் எதிர்ப்பக்கக் கொக்கி சரி. அடுத்து சிவப்பை டயோடின் கோடு போட்ட முனையில் வையுங்கள். பழைய செல்லின் 3.6 அங்கே தெரிந்தால் நேர்ப்பக்கக் கொக்கியும் சரி. இப்போது டயோடு மூடிக் கிடக்கிறது, பழைய செல்லே இன்னும் வேலை செய்கிறது. அது விலகிய கணத்தில், யாரும் எதையும் தட்டாமலே, ஏஏ செல்கள் பொறுப்பை ஏற்கும். புதிய செல் வந்ததும் அவை தாமாகவே ஒதுங்கிவிடும். இரண்டு ரூபாய் டயோடு செய்யும் இந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

வெட்டு, எடு, வை

மீட்டரை கிரவுண்டுக்கும் டயோடின் கோடு முனைக்கும் இடையில் மாட்டியபடியே விடுங்கள். கூரிய வெட்டுக்குறடால் பழைய செல்லின் நேர்க் காலை மட்டும் வெட்டுங்கள். குறடு இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. மீட்டர் 3.6-லிருந்து 2.9-ஐ ஒட்டி இறங்கி நிற்க வேண்டும். நின்றால் மூச்சு விடலாம். அதற்கும் கீழே சரிந்துகொண்டே போனால், வெட்டிய காலை உடனே விரலால் சேர்த்து அழுத்திப் பிடித்து, கொக்கியைச் சரிபாருங்கள். ராமுக்கு அருகில் உள்ள சிறு கெபாசிட்டர் சில நொடி அவகாசம் தரக்கூடும், ஆனால் அதை நம்பி நிற்காதீர்கள்.

பிறகு எதிர்க் காலை வெட்டிச் செல்லை அப்புறப்படுத்துங்கள். போர்டில் மிஞ்சி நிற்கும் கால் துண்டுகளை, அந்தக் குச்சங்களை, எடுக்க வேண்டும். சாதாரண 25 வாட் இரும்புகளின் நுனியில் சிறு கசிவு மின்சாரம் இருப்பதுண்டு. ஆகவே இரும்பை நன்றாகச் சூடாக்கி, அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தச் சூட்டிலேயே தொடுங்கள். ஒரு குச்சத்துக்கு அது தாங்கும். அடுத்ததற்கு மறுபடி சூடாக்குங்கள். பழைய ஈயத்தோடு கொஞ்சம் புது ஈயத்தைச் சேர்த்தால் குச்சம் தானாக நழுவி வரும். போர்டை நெம்பாதீர்கள். துளைக்குள் இருக்கும் செம்பு உறை கழன்றால் அதைச் சீர்செய்வது பேட்டரி வேலையைவிடப் பெரிய வேலை.

புதிய செல்லின் காலை வளைக்கும்போது, செல்லின் அடியில் குறடால் பிடித்துக்கொண்டு வளையுங்கள், வெல்டிங்கில் பாரம் விழாது. நேர் எதிர் பார்த்து, ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, எதிர்க் காலை முதலில் பற்றவையுங்கள். பிறகு நேர்க் கால். ஒரு காலுக்கு மூன்று நொடிக்கு மேல் சூடு வேண்டாம். மீட்டர் 3.6-க்கு ஏறும். அலமாரியில் நாள்பட்ட தயோனைல் செல் முதலில் கொஞ்சம் தாழ்ந்து காட்டிப் பிறகு ஏறுவதுண்டு. உள்ளே லித்தியத்தின் மேல் படிந்த மெல்லிய உப்புப் படலம் கரையும்வரை அப்படி இருக்கும். அந்தப் படலமே செல்லை ஆண்டுக்கணக்கில் தேயாமல் காப்பது.

கழுவுவதும் வேலையில் பாதி

இதைப் பலரும் செய்வதில்லை. நம் ஊரில் செய்யாமல் இருக்கக் கூடாது.

கணக்குப் பாருங்கள். ராம் உறங்கும்போது குடிப்பது ஒன்றிரண்டு மைக்ரோ ஆம்பியர். 1200 மில்லி ஆம்பியர் மணிச் செல்லுக்கு 2 மைக்ரோ ஆம்பியர் என்றால் 6 லட்சம் மணி நேரம், அதாவது அறுபது ஆண்டுக்கும் மேல். அதற்கு வெகு முன்பே செல் வயதாகித் தீர்ந்துவிடும், கொள்ளளவு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் செல்லின் இரு காலுக்கும் இடையில் ஈயம் வைக்கும்போது ஒட்டும் ஃபிளக்ஸ் பிசுக்கும் தூசியும் படிந்து, சாரல் ஈரத்தில் அது 1 லட்சம் ஓம் வழியாக மாறினால், 36 மைக்ரோ ஆம்பியர் வீணாக ஓடும். அறுபது ஆண்டுக் கணக்கு நான்கு ஆண்டுக்கும் கீழே வந்துவிடும். செல்லைக் குறை சொல்லிப் பயனில்லை, குடித்தது அழுக்கு.

ஆல்கஹாலை ஊற்றி பிரஷால் தேய்த்து, அழுக்கு ஓடும் திரவத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்தால் வெள்ளையாகப் படியும், மறுபடி கழுவுங்கள். செல்லின் அடியிலும், ராம், ரெசிஸ்டர், டயோடு இருக்கும் இடங்களிலும் போர்டின் இரு பக்கமும் செய்யுங்கள். பிறகு மேசை விளக்கின் அடியில் ஒரு மணி நேரம் காயட்டும். துணைச் செல் இன்னும் மாட்டியே இருக்கட்டும்.

மூடும் முன் இரண்டு அளவுகள்

துணைச் செல்லைக் கழற்றுங்கள். செல்லோடு தொடரில் இருக்கும் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையில் மில்லிவோல்ட் அளவில் மீட்டரை வையுங்கள். ரெசிஸ்டர் 1 கிலோ ஓம் என்றால், 2 மில்லிவோல்ட் என்பது 2 மைக்ரோ ஆம்பியர். கருவி அணைந்த நிலையில் 10-க்கு மேல் காட்டினால் மறுபடி கழுவுங்கள். அப்போதும் குறையாவிட்டால் ராமையோ, அதை 5 வோல்ட்டிலிருந்து பிரிக்கும் டிரான்சிஸ்டரையோ ஐயப்படுங்கள். மின்னோட்ட அளவில் மீட்டரைத் தொடரில் கோத்து அளக்க வேண்டாம். முனை நழுவினால் ராம் பட்டினி.

இரண்டாவது அளவு இன்னும் முக்கியம். ஒயர்களை முன்பே கொக்கியால் மாட்டி, கையை வெளியே எடுத்த பிறகு கருவியை இயக்கி, அதே ரெசிஸ்டரைப் பாருங்கள். இப்போது சுழியம் காட்ட வேண்டும். மைனஸ் குறியோடு எண் வந்தால் டயோடு கசிகிறது, 5 வோல்ட் பக்கத்திலிருந்து உங்கள் லித்தியம் செல்லுக்குள் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். அப்படியே மூடிவிட்டால் ஒரு நாள் அது வெடிக்கலாம். டயோடை மாற்றாமல் கருவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரி என்றால் தொடக்கச் சோதனை பிழையின்றி ஓடும். எண்களை மறுபடி திரையில் வரவழைத்து நோட்டோடு ஒப்பிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஓர் இரவு விடுங்கள், காலையில் மறுபடி பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அதன் பிறகே உரியவருக்குச் சொல்லி அனுப்புகிறேன்.

நிக்கல்-காட்மியம் கசிந்திருந்தால்

செல்லைச் சுற்றி வெள்ளைப் பொரியும் பச்சைக் களிம்பும் இருக்கும். பித்தளைப் பாத்திரத்துக் களிம்புக்குப் புளி போடுவதுபோல இதற்கும் புளிப்புத்தான் மருந்து. வெளியே வந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள், நுரை அடங்கும்வரை. பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர், பிறகு ஆல்கஹால். டிராக்கின் மேல் பச்சை பூச்சு கறுத்திருந்தால் சுரண்டிப் பாருங்கள், அடியில் செம்பு அரிக்கப்பட்டிருக்கும். மீட்டரால் தொடர்பைச் சோதித்து, அறுந்த இடத்தில் மெல்லிய ஒயரை இழுங்கள். இந்த நிலையில் பெரும்பாலும் எண்கள் ஏற்கெனவே போயிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிக்கல்-காட்மியம் இருந்த இடத்தில் லித்தியம் செல்லை அப்படியே வைக்கக் கூடாது. அந்தச் சுற்று சார்ஜ் செய்யும் சுற்று. அதே 3.6 வோல்ட்டில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கட்டு கிடைக்கிறது, அதை ஒயர் நீட்டி போர்டுக்கு வெளியே வையுங்கள். நாளை கசிந்தாலும் போர்டு பிழைக்கும்.

டல்லாஸ் ஐசி என்றால்

துணைச் செல் இதற்கு உதவாது, செல் கட்டிக்குள் இருக்கிறது. ஐசியைப் பதமாகக் கழற்ற வேண்டும். உள்ளே பேட்டரி உயிரோடு இருக்கும்வரை எண்களும் அதோடு வரும். ஐசியைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் கருவியில் வைத்து மூன்று முறை படித்து, மூன்று கோப்பும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். படிக்கும் முன், ஐசியின் கால்களைச் சோதிக்கும் புரோகிராமரின் 'பின் செக்' வசதியை அணையுங்கள். புதிய ஐசியில் எழுதி, போர்டில் உருண்டைத் துளை சாக்கெட் வைத்துச் செருகுங்கள். மலிவாக வருபவற்றில் பழையதைக் கழற்றி மேல்பூச்சு போட்டு விற்பவை உண்டு. எழுதியதை ஒரு வாரம் மேசையில் வைத்துவிட்டு மறுபடி படித்துப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

எண்கள் ஏற்கெனவே போயிருந்தால்

2465பி-யில் டெஸ்ட் 04 ஃபெயில் என்று வருவது இதைத்தான் சொல்கிறது. முதலில் பேட்டரியை மாற்றி, நினைவகம் நிற்கிறது என்று உறுதிசெய்யுங்கள். உள்ளே இருக்கும், அளவுத்திருத்த எண்களை மாற்ற அனுமதிக்கும் ஜம்பர் இணைப்பை ஆர்வத்தில் மாற்றி வைக்காதீர்கள். துல்லியமான மின்னழுத்த மூலமும், நேரக்குறி தரும் கருவியும், வேகமாக எழும் பல்ஸ் மூலமும் இல்லாமல் அந்தப் பாதையில் பாதி போய்த் திரும்பினால் மிச்சமிருக்கும் எண்களும் கெடும். இவை உள்ள அளவுத்திருத்த ஆய்வகத்தில் கொடுங்கள். அதுவரை அலையின் வடிவம் பார்க்கக் கருவி உதவும், அளவுக்கு மீட்டரை நம்புங்கள். புனலூர் மாணவர் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறார். ஆய்வகத்துக்கான பணத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

பழைய செல்லின் இரு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரிக் கழிவு வாங்குபவரிடம் சேருங்கள். குப்பையில் போடவும் தீயில் போடவும் வேண்டாம். புதிய செல் வைத்த தேதியைச் சிறு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள், எண்கள் எழுதிய நோட்டின் நகல் ஒன்றை உறையில் போட்டு அதன் பக்கத்திலேயே செருகுங்கள். மறு நகலைக் கருவியின் உரிமையாளர் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.